சத்தம் வந்த பக்கம்

எங்கள் குடும்பத்தில் கல்யாணம், ஞானஸ்நானம், புதுவீடு எது நடந்தாலும் பிரியாணி அண்டா இறங்குவதற்குள் யாராவது அந்தக் கதையை ஆரம்பித்துவிடுவார்கள். எழுபத்தொன்றாம் வருடப் போரில் குண்டு விழுந்ததும் எல்லோரும் பதுங்குகுழிக்குள் பாய்ந்தார்களாம். என் தாத்தா மட்டும் குண்டு விழுந்த பக்கம் பார்த்து ஓடினாராம். காலில் பூட்ஸ்கூட இல்லையாம். மண்ணுக்குள் புதைந்தவர்களை வெறுங்கையால் தோண்டி எடுத்தாராம். சொல்கிற ஆளைப் பொறுத்துப் புதைந்தவர்களின் எண்ணிக்கை ஏறும், இறங்கும். என் சித்தப்பா சொன்னால் ஒரு பட்டாளமே புதைந்திருக்கும்.

தாத்தா சரியாக அந்த நேரம் பார்த்து எழுந்து கை கழுவப் போய்விடுவார். இலையே போடவில்லை, அதற்குள் என்ன கை கழுவல் என்று யாரும் கேட்கமாட்டார்கள். தன்னடக்கம் என்பார்கள். என் தாத்தாவுக்கும் தன்னடக்கத்துக்கும் ஏழாம் பொருத்தம். பதினெட்டு முடியாத வயதில் வீட்டில் சொல்லாமல் பெங்களூருக்கு ரயிலேறி, வயதைக் கூட்டிச் சொல்லிப் பட்டாளத்தில் சேர்ந்ததைக் கேட்காமலே சொல்வார். காஷ்மீரில் பனி மூடிய மலைப்பாதையில் லாரி ஓட்டியது, ஆற்றில் தெப்பம் கவிழ்ந்து எருமை வாலைப் பிடித்துக் கரையேறியது, குத்துச்சண்டைப் போட்டியில் மூக்கு உடைந்தது எல்லாவற்றையும் சொல்வார். மூக்கைத் தொட்டுப் பார்க்கவும் விடுவார். இந்த ஒரு கதைக்கு மட்டும்தான் கை கழுவப் போவார்.

இந்த வருடம் குடியரசு தினத்தை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் முன்னாள் இராணுவத்தினரைக் கௌரவிப்பது என்று முடிவானது. சபைச் செயலாளர் வீட்டுக்கே வந்தார். சால்வை, மதியச் சாப்பாடு, அதோடு கூட்ட மண்டபத்துச் சுவரில் தாத்தா பெயர் பொறித்த கருங்கல் பலகை. தாத்தாவைப் பற்றி நான் எழுதிப் படிக்க வேண்டும்.

"அந்தக் குண்டு விழுந்த கதையத்தான் எழுதணும்மா. கேட்டா புல்லரிக்கணும்" என்றார்.

"நான் வர்ல" என்றார் தாத்தா. சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார்.

எனக்குக் கோபம் வந்தது. எனக்கு அந்தக் கல் வேண்டும், அதை ஒளிக்க என்ன இருக்கிறது. தினமும் விடிவதற்கு முன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவள் நான். ஊர் கோலார் தங்க வயல் என்றால் ஆபீஸில் கேட்பார்கள், "இன்னும் தங்கம் இருக்கா? ரவுடிங்க இருக்காங்களா?" என்று. தங்கத்தை எடுத்துக்கொண்டு சுரங்கத்தை மூடிவிட்டுப் போனவர்கள் எங்களுக்கு விட்டுவைத்தது சயனைடு மண் மேடுகளைத்தான். காற்றடித்தால் காயப்போட்ட துணியெல்லாம் தூசி. இந்த ஊரில் எங்கள் ஆள் ஒருவர் பெயர் ஒரு சுவரில் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

சனிக்கிழமை தாத்தாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பேத்தமங்களாவுக்கு மீன் வாங்கப் போனேன். ஏரி மீன் என்றால் மனிதர் எதற்கும் மசிவார். திரும்பி வரும்போது ஊரிகம் தாண்டி, சுரங்கத்துக்குள் இறங்கும் பழைய ஷாஃப்ட்டின் இரும்புக் கோபுரம் தெரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். சிறுநீர் கழிக்கத்தான் என்று நினைத்தேன். அவர் இறங்கி அந்தக் கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ ஏர் பிளாஸ்ட் கேட்டிருக்கியா?" என்றார்.

சிறுபிள்ளையாக இருந்தபோது ஒன்றிரண்டு முறை கேட்டிருக்கிறேன். பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் தானாக வெடிக்கும். அதற்குத்தான் எங்கள் ஊரில் அந்தப் பெயர். மேலே வீடுகள் குலுங்கும், அலமாரியில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடிக்கும். வெளியூர்க்காரன் பூகம்பம் என்று வெட்டவெளி தேடி ஓடுவான். எங்கள் ஊர்க்காரர்கள் ஷாஃப்ட்டைப் பார்த்து ஓடுவார்கள். கீழே ஷிப்டில் இருப்பது அப்பனோ பிள்ளையோ புருஷனோதானே. ஆட்களை ஏற்றிவரும் கேஜ் மேலே வரும்வரை அங்கேயே நிற்பார்கள். பச்சைப்பிள்ளைக்காரிகூடப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடுவாள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, கால் தானாகப் போகும்.

"குண்டு விழுந்த அன்னிக்கு நான் நைட் டூட்டி முடிச்சிட்டுப் பகல்ல தூங்கிகினு இருந்தேன். தரை குலுங்குச்சு. தட்டு, டம்ளர் எல்லாம் சத்தம் போட்டுச்சு. நான் இருக்கிறது பார்டர்னே தெரியல. லைன் வூட்ல படுத்திருக்கேன்னுதான் நெனச்சேன். நைனா கீழ இருக்காருன்னு ஓடனேன்."

அவர் தன் அப்பாவை நைனா என்றுதான் சொல்வார். லைன் வீடு என்பது சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடு.

"நைனா நைனான்னு கத்திகினே தோண்டினேனாம். கூட இருந்தவங்க சொல்லித்தான் எனக்கே தெரியும். சமையல்காரர் ஒருத்தரும், பஞ்சாப்காரப் பையன் ஒருத்தனும் உள்ள இருந்தாங்க. பொழச்சிகினாங்க. அந்தச் சமையல்காரர் மூஞ்சியத் தொடச்சிப் பார்த்தப்புறம்தான், இது நைனா இல்லியேன்னு முழிச்சேன். கால் பூரா ரத்தம்." செருப்பைக் கழற்றி உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினார். தழும்பு இன்னும் இருக்கிறது. "இதுல இன்னா வீரம் கீது?"

"தூக்கத்துல ஓடினா என்ன தாத்தா? ரெண்டு பேரு பொழச்சாங்க இல்ல?"

"அதுக்கு அப்பறம் கொஞ்ச நாள்ல இங்க நெஜமாவே வெடிச்சுச்சு. இதே ஷாஃப்ட்டு" என்றார். "எனக்கு சேதி வந்து, லீவு வாங்கி, நான் வந்து எறங்கறதுக்குள்ள அடக்கமே முடிஞ்சிபோச்சு. ஓட வேண்டிய சத்தத்துக்கு நான் ஊர்ல இல்ல. இன்னாத்துக்கோ எங்கியோ ஓடனேன். அதுக்கு எனக்கு ஒரு கல்லு வெக்கறீங்க."

தாத்தாவின் அப்பா சுரங்கத்தில் இறந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு கதையைக் கல்யாணத்தில் சொல்வோம், மற்றதைக் கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி கொளுத்தும்போது சொல்வோம். இரண்டும் ஒரே ஆளுக்கு, ஒரே குளிர்காலத்தில் நடந்தவை என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஐம்பது வருடமாக அவர் கை கழுவப் போய்க்கொண்டிருந்தது இதற்காகத்தான். பையில் மீன் நாறத் தொடங்கியிருந்தது.

"வரணும்னா இதையும் சேர்த்துப் படி. ஒண்ணும் மறைக்காத. இல்லேன்னா நான் வர்ல" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

எழுதியதைச் செயலாளருக்கு போனில் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். பிறகு, "தூக்கக் கலக்கத்துல ஓடினாருன்னு சொன்னா நல்லாவாம்மா இருக்கும்? பாராட்டுற கூட்டம் இல்லியா? அந்த ஒரு எடத்த மட்டும் எடுத்துடேன்" என்றார். எடுத்தால் தாத்தா வரமாட்டார், தாத்தா வராவிட்டால் கல்லுக்கு நீங்களே சால்வை போர்த்திக்கொள்ளுங்கள் என்றேன். நல்ல மனிதர், அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து மண்டபம் நிறைந்துவிட்டது. தாத்தா பழைய கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். ஆனால் மேடையில் உட்காரவில்லை. வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்தார். எந்த நிமிடமும் எழுந்து போய்விடுவார் என்ற பயத்தில் ஒரு கண்ணை அவர் மேலேயே வைத்துக்கொண்டு படித்தேன்.

எருமை வால் வந்தபோது சிரித்தார்கள். குண்டு விழுந்தபோது நாற்காலி நுனிக்கு வந்தார்கள். அவர் எந்த ஊரில் இருப்பதாக நினைத்து ஓடினார் என்று படித்ததும் மண்டபத்தில் வயதானவர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் லேசாக அசைந்தது. ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இளைஞர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் அவர் அப்பாவின் சாவையும் படித்தேன். "தன் அப்பாவுக்காக ஓட முடியாதவருக்கு இந்தக் கல் எதற்கு என்று என் தாத்தா கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை" என்று முடித்தேன்.

யாரும் கை தட்டவில்லை. செயலாளர் சால்வையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அப்போது பாடற்குழு வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

ஊரிகம் லைனில் தாத்தாவின் வீட்டுக்கு அடுத்த வீட்டில் வளர்ந்த ஓர் அம்மா எழுந்து நின்றார். எழுபதைத் தாண்டியவர். ஒவ்வொரு ஞாயிறும் பாடற்குழுவில் முன்வரிசையில் நின்று, ஆர்கன் ஒரு பக்கம் போக இவர் ஒரு பக்கம் போவார். அவரை வைத்து நாங்கள் செய்யாத கேலி இல்லை. அவர் மைக் பக்கம் வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே வாசல் பக்கம் பார்த்துப் பேசினார்.

"அண்ணா, அன்னிக்கு உங்கம்மா பக்கத்துல நான்தான் நின்னேன்."

தாத்தா நிமிர்ந்தார்.

"அடுப்புல சோறு வெந்துகினு இருந்துச்சு. அப்டியே போட்டுட்டு லைனே ஓடுச்சு. உங்கம்மா, எம்புள்ள பட்டாளத்துல கீறான், எங்கூட்டுக்கு நிக்க ஆள் இல்லியேன்னு அழுதாங்க. எங்கப்பா என்னக் கூப்ட்டு, அவன் எடத்துல நீ போய் நில்லுன்னாரு. கேஜ் வர்ற வரைக்கும் நின்னேன். நைனாவ எறக்கசொல்லோ தலைப்பக்கம் நான்தான் கை குடுத்தேன். உங்க எடம் ஒண்ணும் காலியா இல்லண்ணா."

"இத்தினி வருஷம் நீ சொல்லலியேம்மா."

"நீங்க கேக்கலியே. கேட்டா அழுவீங்களோன்னு நானும் சொல்லல."

தாத்தா எழுந்து நடந்தார். மேடைக்குப் போகவில்லை. நாற்காலிகளுக்கு நடுவில் பதக்கங்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட, அந்த அம்மாவின் முன்னால் போய் நின்றார். அவர் கேட்டது இதுதான்:

"கால்ல செருப்பு போட்டிருந்தியா?"

மண்டபத்தில் பாதிப் பேருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. அந்த அம்மாவுக்கு விளங்கியது.

"அந்தச் சத்தம் கேட்டப்பறம் யாருண்ணா செருப்பு தேடுவாங்க?"

"நானும் போடலம்மா" என்றார் தாத்தா. முகத்தை மூடிக்கொண்டு, எங்கள் எல்லோர் முன்னாலும், சத்தமாக அழுதார். அந்த அம்மா அவர் கையைப் பிடித்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். செயலாளர் சால்வையைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்குப் போடுவது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.