மார்லிஸ் எப்போதும் முன்னால் போவாள்

எங்கள் ஹார்லோ கிரீக் மலையில் மேகம் இறங்கிவிட்டால் பனியில் சறுக்க வந்த பணக்காரர்களுக்கு முகம் தொங்கிப் போகும். வானமும் வெள்ளை, தரையும் வெள்ளை, மேடு எது பள்ளம் எது என்று ஒரு மண்ணும் தெரியாது. காசைக் கொட்டிக் கொடுத்து விமானம் ஏறி வந்தவர்கள், விடுதிக்குள் கணப்பைச் சுற்றி உட்கார்ந்து சூடான சாக்லேட்டைக் குடித்தபடி வானத்தைத் திட்டுவார்கள். அந்த நாட்களில்தான் மார்லிஸுக்குக் கிராக்கி. "மூட்டமா இருக்கா? மார்லிஸைக் கூப்பிடு" என்பது எங்கள் ஊர் சறுக்குப் பள்ளியில் வழக்கமாகிவிட்ட பேச்சு. ஐம்பத்தொன்பது வயதுக்காரி முன்னால் சறுக்கிக்கொண்டு போவாள். பின்னால் வருகிறவர்கள் வாத்துக் குஞ்சுகள் மாதிரி அவள் தடத்தைப் பிடித்துக்கொண்டு பத்திரமாகக் கீழே வந்து சேருவார்கள். கண்ணைக் கட்டிவிட்டாலும் இவள் மலை இறங்குவாள் என்று ஊரே மெச்சியது.

மெச்சியவர்களுக்கு என்ன தெரியும்? அவளுக்கு எல்லா நாளும் மூட்டம்தான்.

ஆறு வருடத்துக்கு முன் இடது கண். அதற்கு இரண்டு வருடம் கழித்து வலது கண். பார்க்கிற எதிலும் நட்டநடுவில் ஈர விரலால் தேய்த்த மாதிரி ஒரு அழுக்கு. ஓரத்தில் இருப்பது ஓரளவு தெரியும். எதை நேராகப் பார்க்கிறாளோ அது இருக்காது. டென்வரில் பார்த்த கண் மருத்துவர், "இனிமே வண்டி ஓட்டாதீங்க" என்றார். பனியில் சறுக்கலாமா என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே!

காரை விற்றாள். ஏன் என்று கேட்டவர்களிடம் பூமிக்கு நல்லது என்றாள். ஓட்டலில் சாப்பாட்டு அட்டையை விரித்துப் பார்ப்பதை விட்டுவிட்டு "வழக்கமானது" என்று சொல்லப் பழகினாள். தெருவில் எதிரே வருகிறவரை நடையை வைத்து, இருமலை வைத்துக் கண்டுபிடித்தாள். கண்டுபிடிக்க முடியாதவர்கள், "மார்லிஸுக்குத் தலைக்கனம் ஏறிடுச்சு, பாத்தும் பாக்காத மாதிரி போறா" என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டாள். தலைக்கனக்காரி என்ற பெயரோடு இந்த ஊரில் இருக்கலாம். குருடி என்ற பெயரோடு இருக்க முடியாது.

ஏனென்றால் அவள் இருந்த அறை சறுக்குப் பள்ளி கொடுத்த அறை. பேருந்துக் கொட்டகைக்குப் பின்னால், ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல். சொல்லிக் கொடுக்கிற வரைக்கும் உனக்கு. நிறுத்தினால் முப்பது நாளில் காலி. வெளியே வீடு பார்க்கலாமே என்று கேட்பவன் எங்கள் ஊரைப் பார்த்ததில்லை. இங்கே பணக்காரர்களின் வீடுகள் ஆளில்லாமல் வருடத்தில் ஐம்பது வாரம் கணப்பு எரிய நிற்கும். வேலை செய்கிறவன் மலைக்கு அந்தப் பக்கம் ஐம்பது மைல் தள்ளி சக்கரம் வைத்த தகர வீட்டில் கிடப்பான். கார் ஓட்ட முடியாதவளுக்கு அதுவும் இல்லை.

வடக்கு டகோட்டாவில், மேடு என்று சொல்ல ஒரு கூழாங்கல்கூட இல்லாத கோதுமைப் பூமியில் பிறந்தவள் அவள். இருபத்திரண்டாவது வயதில், "ஒரே ஒரு குளிர்காலம் இருந்துட்டு வந்துடறேம்மா" என்று சொல்லிவிட்டு இங்கே வந்தாள். முப்பத்தேழு குளிர்காலம் ஆகிவிட்டது. நடுவில் டேல் என்று ஒரு கணவன் இருந்தான். வாடகை ஏறுகிற வேகத்தைப் பார்த்து ஐடஹோவுக்குக் கிளம்பியவன், "மலையா, நானா?" என்று கேட்டான். "மலை" என்றாள். அப்போது அவளுக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிந்தது. அந்தப் பதிலுக்காக அவள் என்றுமே வருந்தியதில்லை, இந்த நான்கு வருடத்துக்கு முன்புவரை.

அவளுடைய விஷயம் தெரிந்தது ஒரே ஆளுக்குத்தான். கோர்டி, பிஷப் சரிவின் உச்சியில், கம்பிவடத்தில் தொங்கி மலையேறும் லிஃப்ட் நாற்காலியிலிருந்து ஆட்களை இறக்கிவிடுகிறவன். அவளைவிட நான்கு வயது மூத்தவன், தாடிக்குள் பாதி முகம். அவள் நாற்காலியை விட்டு இறங்கியதும் யாருக்கும் சந்தேகம் வராதபடி வம்பு பேசுவதுபோல் வழி சொல்லிவிடுவான்.

"ஏய் கிழவி, இடது பக்கம் ஒரே ஐஸு. நடுவுல ஒரு கும்பல் உக்காந்து போட்டோ பிடிக்குது. வலது ஓரமாப் போய்ச் சேரு."

"உன் தாடியைப் பாத்துக்கோடா. லிஃப்ட்ல சிக்கிக்கப் போவுது."

பக்கத்தில் ஆள் இல்லாத நேரத்தில் மட்டும் அவன் குரல் இறங்கும்.

"இன்னும் எத்தனை நாளைக்கு மார்லிஸ்?"

"மூணு வருஷம். அறுபத்திரண்டு ஆயிட்டா கவர்மென்ட் பணம் வரும். எங்கயாவது போய்த் தொலையறேன்."

"அதுக்குள்ள ஒரு நாள் ஏதாவது பிள்ளை மேல..."

"வாயைக் கழுவுடா!"

அவளுக்குச் சில விதிகள் இருந்தன. எப்போதும் அவள்தான் முன்னால். பின்னால் வரும் பிள்ளைகள் வாய்விட்டுப் பாடிக்கொண்டே வரவேண்டும். பாட்டு நின்றால் அவள் நின்றுவிடுவாள். எல்லோரும் அவள் தரும் ஆரஞ்சு நிறக் கைவைக்காத சட்டையை மேலே மாட்டிக்கொள்ளவேண்டும். அந்த நிறம் மட்டும் அழுக்குக்கு வெளியே கொஞ்சம் தட்டுப்படும். பெற்றோர்கள் இதையெல்லாம் மார்லிஸின் தனிப் பாணி என்று நினைத்து ஆசைப்பட்டுப் பணம் கட்டினார்கள். நான்கு வருடத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் விழவில்லை. அதனாலேயே தான் செய்வது தப்பில்லை என்று நம்பத் தொடங்கிவிட்டாள், பாவி.

கிறிஸ்துமஸ் வாரத்துக்கு ஹூஸ்டனிலிருந்து கார்லின் வந்தாள். கார்லினே ஐந்து வயதில் மார்லிஸின் கால் இடுக்கில் நின்று சறுக்கப் பழகியவள்தான். பிறகு கல்யாணம், குழந்தை என்று பத்துப் பன்னிரண்டு வருடம் இந்தப் பக்கமே வரவில்லை. மூன்று வருடத்துக்கு முன்புதான் நான்கு வயது மகள் டெஸ்ஸியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "மார்லி, இவளும் உங்க கணக்குதான்" என்றாள். அன்று முதல் வருடத்துக்கு ஒரு வாரம் டெஸ்ஸி மார்லிஸிடம். மார்லிஸ் ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாள். இந்தப் பிள்ளையிடம்தான் மனசு போய் ஒட்டிக்கொண்டது. தொணதொணவென்று பேசும், கட்டைக் குரலில் தப்புத் தப்பாகப் பாடும்.

அன்று மேகத்தின் பொட்டுக்கூட இல்லை. வானம் நீலமாக, வெயில் பனியில் பட்டுத் தெறித்தது. கார்லின் டெஸ்ஸியை அழைத்து வந்தபோது மார்லிஸுக்கு ஏதோ உறுத்தியது. குரல் இருந்தது, ஆளைக் காணோம்.

"மார்லி, என் புது டிரஸ்ஸைப் பாரேன்! தலையிலேர்ந்து கால் வரைக்கும் வெள்ளை! கழுத்துல ரோமம்!"

"நேத்து மெயின் ஸ்ட்ரீட்ல வாங்கினோம்" என்றாள் கார்லின். "பனி தேவதை மாதிரி இல்ல?"

"அழகா இருக்கா" என்றாள் மார்லிஸ், குரல் வந்த திசையைப் பார்த்து. பையிலிருந்து ஆரஞ்சுச் சட்டையை எடுத்தாள். "இதை மேல போட்டுக்கோ செல்லம்."

"ஐயோ மார்லி, இன்னிக்கு ஒரு நாள் வேண்டாமே. வீடியோ எடுக்கப் போறேன். அந்தக் கலர் அசிங்கமா இருக்கும். கிறிஸ்துமஸ் கார்டோட எல்லாருக்கும் இதைத்தான் அனுப்பப் போறேன்." பிறகு, "இன்னொண்ணு. அவ முன்னாடி வரட்டும், நீங்க பின்னாடி வேகமா வாங்க. நான் கீழ நின்னு எடுக்கறேன். பாட்டும் வேண்டாம், பின்னாடி மியூசிக் போட்டுக்கறேன்."

மூன்று விதியும் ஒரே மூச்சில் போயிற்று. மார்லிஸ் வாயைத் திறந்திருக்கலாம். முட்டி வலிக்கிறது என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் பள்ளித் தலைவன் ரஸ்ஸல் காலையில்தான் சொல்லியிருந்தான்: "கார்லின் வாரம் பூரா உங்களைத்தான் கேட்டிருக்கா. வர்றவங்கள்ல பாதிப் பேர் அவ சிநேகிதங்க. அவ மனசு கோணாம பாத்துக்கங்க." மார்லிஸுக்குத் தன் அறை ஞாபகம் வந்தது, மூன்று வருடம் ஞாபகம் வந்தது. "சரிம்மா" என்றாள்.

உச்சியில் நாற்காலியை விட்டு இறங்கியதும் கோர்டியின் வம்புக்காகக் காத்தாள். வரவில்லை. விடுமுறைக் கூட்டத்துக்காக அவனை வேறு லிஃப்டுக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே நின்ற புது ஆள், "ஹாப்பி ஹாலிடேஸ்" என்று பாடினாற்போல் சொல்லிவிட்டு அடுத்த நாற்காலியைப் பார்க்கப் போனான்.

"நான் போறேன் மார்லி! பத்து எண்ணிட்டு வா!"

டெஸ்ஸியின் சறுக்குக் கட்டைகள் பனியைக் கிழிக்கும் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. மார்லிஸ் பத்து எண்ணினாள். மனசு கேட்காமல் இன்னும் ஐந்து எண்ணினாள். பிஷப் சரிவு அவளுக்கு உள்ளங்கால் அறிந்த இடம். நான்கு திருப்பம், பிறகு ஒரு மேடு, மேட்டுக்கு அந்தப் பக்கம் செங்குத்து, அதற்குப் பிறகு ஆறு திருப்பம். கார்லின் வேகமாக வரச் சொல்லியிருந்தாள். வேகமாகவே போனாள்.

மேட்டைத் தாண்டிய இடத்தில் டெஸ்ஸி விழுந்து, கழன்ற கட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மார்லிஸ் நேரே பார்த்தாள். நேரே பார்த்த இடத்தில் வெள்ளைதான் இருந்தது. முட்டிக்குக் கீழே எதுவோ தட்டியது, முறிகிற சத்தம் கேட்டது, அதற்கு மேல் அந்தக் கட்டைக் குரல் அலறியது. அப்போதும் எங்கே இருந்து அலறுகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. பனியில் முழங்கால் போட்டுக் கையால் துழாவினாள். "எங்கம்மா இருக்க? எங்க இருக்க?" என்று கத்திக்கொண்டே துழாவினாள். கையில் ரோமக் கழுத்துத் தட்டுப்பட்டது.

மீட்புக்காரர்கள் வந்து பிள்ளையைப் பனிவண்டியில் கட்டி இறக்கினார்கள். மலையடிவார மருத்துவமனையில் படம் எடுத்து, கீழ்க்கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது என்றார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, அடுத்த குளிர்காலம் சறுக்க முடியுமா என்பதைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். மருந்து மயக்கத்தில் டெஸ்ஸி கண்ணை மூடிக் கிடந்தாள். கட்டிலுக்கு ஒரு பக்கம் கார்லின், காலடியில் மார்லிஸ், கதவருகே ரஸ்ஸல்.

ரஸ்ஸல் கெட்டவனில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "மேட்டுக்கு அந்தப் பக்கம் ஐஸ் இருந்திருக்கும். நீங்க திரும்பப் பாத்திருப்பீங்க, கால் பிடிச்சிருக்காது. அப்படித்தானே மார்லிஸ்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அறை இருக்கும், மூன்று வருடம் இருக்கும். மார்லிஸ் வாயைத் திறப்பதற்குள் கார்லின் குறுக்கே வந்தாள்.

"திரும்பவே பாக்கல. எங்கிட்ட வீடியோ இருக்கு. பத்துத் தடவை பாத்துட்டேன். நேரா அவளையே பாத்துக்கிட்டு வர்றா, ரஸ்ஸல்! நேரா அவளைப் பாத்துக்கிட்டே போய் இடிக்கிறா!" ஃபோனை மார்லிஸின் கையில் திணித்தாள். காலையில் இருந்த 'நீங்க' காணாமல் போயிருந்தது. "பாரு. நீயே பாரு. ஏன்னு சொல்லு எனக்கு."

மார்லிஸ் ஃபோனை வாங்கிக்கொண்டாள். கையகலத்துக்கு ஒரு வெளிச்சம். அதன் நடுவில் அழுக்கு. எப்படியாவது பிடித்துவிடலாம் என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, கடைக்கண்ணால் முயன்றாள்.

"அங்க என்னத்தைப் பாக்குற? ஃபோனைப் பாருன்னா!"

"அதைத்தான் பாக்கறேன்" என்றாள் மார்லிஸ். இதற்கு மேல் பொய் சொல்ல அவளிடம் தெம்பு இல்லை. "இப்படிப் பாத்தாத்தான் கொஞ்சமாவது தெரியும். எனக்குக் கண்ணு போயிடுச்சு கார்லின். பிள்ளை அங்க இருந்தது தெரியல. சத்தியமாத் தெரியல."

ரஸ்ஸல், "கடவுளே" என்றான். பிறகு சத்தமில்லாமல் வெளியே போனான். யாருக்கெல்லாம் சொல்லவேண்டுமோ அவர்களுக்குச் சொல்லத்தான் போகிறான் என்று மார்லிஸுக்குத் தெரியும். முப்பத்தேழு வருடம் அந்தக் கதவு வழியாக நடந்து போவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"எத்தனை நாளா?" என்றாள் கார்லின்.

"நாலு வருஷம்."

கார்லின் விரலை மடக்கி எண்ணினாள். பேசியபோது குரலில் கோபம்கூட இல்லை. "இவளை உங்கிட்ட விட்டதே மூணு வருஷத்துக்கு முன்னாடிதான்."

"ஆமாம்."

"அப்போ என் பொண்ணு மூஞ்சியை நீ பாத்ததே இல்லையா? ஒரு தடவைகூட?"

தலையணைப் பக்கமிருந்து கட்டைக் குரல் மெதுவாக வந்தது. பிள்ளை எப்போது விழித்தாளோ, எவ்வளவு கேட்டாளோ.

"மார்லி, நான் எப்படி இருப்பேன்னு உனக்குத் தெரியாதா?"

மார்லிஸ் அந்தப் பக்கம் திரும்பினாள். கட்டிலின் கால்கள் இருந்தன, தொங்கும் விரிப்பின் ஓரம் இருந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

"தெரியாதும்மா" என்றாள்.