கரோல் பாகில் நான் கை ஊன்றிய தரை

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. தில்லி கிட்வாய் நகரில் அரசுக் குடியிருப்பில் இருக்கிறோம். என் மகள் ஜிம்முக்குப் போய் எடை தூக்குகிறவள். "மூட்டை தூக்கவாடி உன்னைப் படிக்க வெச்சேன்?" என்று அவளைக் கேலி செய்துகொண்டே இருப்பேன்.

சென்ற கோடையில் இருவரும் கரோல் பாகுக்குப் புடவை எடுக்கப் போனோம். வழியில் அவசரமாக ஒரு பொதுக் கழிப்பறைக்குள் நுழைந்தேன். குந்தி உட்காரும் வகை. எங்கள் வீட்டில் பல வருடங்களாக வெஸ்டர்ன்தான். எப்படியோ உட்கார்ந்துவிட்டேன், ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. முட்டி வலியெல்லாம் இல்லை. தொடையில் தெம்பே இல்லை. பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு குழாய்கூட இல்லை.

"அம்மா, ஜல்தி வாம்மா!" என்று மகள் வெளியிலிருந்து கதவைத் தட்டினாள்.

வேறு வழியில்லாமல் இரண்டு உள்ளங்கைகளையும் அந்தத் தரையில் ஊன்றினேன். ஈரம், பிசுபிசுப்பு, யாரோ துப்பிய பான் எச்சில். தவழ்ந்துபோய்த்தான் தாழ்ப்பாளைத் திறந்தேன். மகள் என் அக்குளில் கை கொடுத்து ஒரே தூக்கில் நிறுத்திவிட்டாள்.

வீட்டில் நாலு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் அருவருப்பு போகவில்லை. சோபாவிலேயே நான் வளர்த்த என் கால்களை நினைத்தால் அதைவிட அருவருப்பாக இருந்தது.

இப்போது வாரம் மூன்று நாள், ஐந்து கிலோ ஆட்டா மாவுப் பையை நெஞ்சோடு அணைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிறேன். மகள் பக்கத்தில் நின்று எண்ணுவாள். தரையிலிருந்துகூடக் கை ஊன்றாமல் எழ முடிகிறது. 'இன்னிக்கு வேண்டாமே' என்று தோன்றும் நாட்களில் உள்ளங்கையைப் பார்ப்பேன். உடனே எழுந்துவிடுவேன்.