தகரம் சுற்றிய புகைக்குழாய்

உலக யுத்தத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு விழுந்த கிழமை எங்கள் தெருவில் என் கராஜ் மட்டும்தான் திறந்திருந்தது. அதற்குத் தைரியம் காரணமல்ல. மனைவியைத் திரியாயில் அவளுடைய தாய் தகப்பனிடம் விட்டுவிட்டுத் திரும்பியபின், வேறு எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை. துறைமுகப் பக்கம் எழுந்த கரும்புகை இன்னும் அடங்கியிருக்கவில்லை. கடைகள் பூட்டிக் கிடந்தன. வீதியில் போன வண்டிகளெல்லாம் ஊரைவிட்டுப் போகிற வண்டிகளாகவே இருந்தன.

அந்தக் காருக்கு முன்னால் அதன் சத்தம் வந்தது. விமானம் என்று நினைத்து எதிர்வீட்டுக்காரர் பதுங்குகுழிக்குள் இறங்கிவிட்டார். நானும் கையிலிருந்த ஸ்பானரோடு வாசலுக்கு ஓடினேன். பார்த்தால், கன்வஸ் கூரை போட்ட ஒரு பழைய கார். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் பெரிய மனிதர்கள் வைத்திருந்த வகை. இரண்டு பக்கமும் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் பொத்தான் போட்டு மாட்டுகிற, வெளிச்சம் புகும் மைக்காத் தகடு வைத்த திரைகள்தான்.

ஓட்டி வந்தவர் துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். பின் இருக்கையில் அவருடைய மனைவியும், இரண்டு வயதுப் பெண் குழந்தையும், மூட்டை முடிச்சுகளும்.

"தம்பி, இந்தச் சத்தத்தை எப்பிடியாவது நிப்பாட்டித் தாங்கோ. வழியிலை சனம் பயந்து ஓடுது. வவுனியா மட்டும் போகவேணும்" என்றார்.

நான் கீழே படுத்துப் பார்த்தேன். சைலன்சருக்கு முன்னால், பின் இருக்கைக்கு நேர் கீழே, புகைக்குழாய் துருப்பிடித்து வெடித்திருந்தது. குழாயையே மாற்றவேண்டும். ஆனால் அந்த நேரத்தில் புதுக்குழாய்க்கு எங்கே போவது? ஒரு பிஸ்கட் தகரத்தை வெட்டி நிமிர்த்தி, வெடிப்பின்மேல் கல்நார்க் கயிறு சுற்றி, அதன்மேல் தகரத்தைச் சுற்றிக் கம்பியால் இறுக்கினேன். எஞ்சினை இயக்கியதும் தகரத்தின் பெயின்ற் எரிந்து நாறியது. அந்தப் பெண் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தாள்.

"அண்ணை, இது தாங்குமோ?" என்று கேட்டாள்.

"தாங்கும்" என்றேன்.

அதைச் சொன்னது எனக்கு நல்ல ஞாபகம். அதற்குப் பிறகு பேசியது ஞாபகமில்லை. அபாயச் சங்கு ஊதியது. அவர் அவசரமாகக் காரை எடுத்தார். நான் குழியை நோக்கி ஓடினேன். அந்த இடைவெளியில் நான் வேறு ஏதாவது சொன்னேனா என்பதைத்தான் இத்தனை வருடங்களாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பத்து நாள் கழித்து வவுனியாவிலிருந்து வந்த லொறி ஓட்டுநர் ஒருவர், கராஜில் நின்று கதையோடு கதையாகச் சொன்னார். திருகோணமலையிலிருந்து போன ஒரு காரில், போய்ச் சேரும்போது ஒரு பெண் உயிரோடு இல்லையாம். பயத்தில் இருதயம் நின்றிருக்கும் என்று ஊரில் கதைத்தார்களாம்.

"என்ன மாதிரிக் கார்?" என்று கேட்டேன்.

"பழங்கார். கன்வஸ் கூரை."

அவர் போனபின் நான் வேலை செய்யவில்லை. பூட்டிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிட்டு இறந்துபோன ஒரு மெக்கானிக்கை எனக்குத் தெரியும். அந்தப் புகையில் ஆளைக் கொல்லும் பாகத்துக்கு நிறமோ மணமோ கிடையாது. அது எனக்குத் தெரிந்த விடயம். தெரிந்துகொண்டுதான் தகரம் சுற்றி அனுப்பினேன்.

அதன்பின் ஒரு காரின் அடியில் படுக்கும்போதெல்லாம் மேலே பின் இருக்கையில் யாரோ இருப்பதுபோலவே இருக்கும். இருக்கைச் சுருள்கம்பி மெல்ல அழுந்துகிற சத்தம் கேட்கும். எழுந்து பார்ப்பேன். யாரும் இருக்கமாட்டார்கள். சாப்பிட உட்கார்ந்தால் எரிந்த பெயின்ற் மணம். திரியாய்க்குப் போய் மனைவியைப் பார்த்தபோதும் இதை அவளிடம் சொல்லவில்லை. நான் மெலிந்துவிட்டதாகச் சொன்னாள். ஊரில் சாப்பாட்டுக் கடைகள் இல்லை என்றேன்.

மாரி முடிந்த பிறகு ஒரு காலையில் அந்தக் கார் திரும்பி வந்தது. அதே சத்தம். கிளாக்கர் தனியாக வந்திருந்தார். தாடி வளர்த்திருந்தார். பின் இருக்கையில், கழித்துப் போட்ட இராணுவ லொறி ஒன்றின் குழாயும் சைலன்சரும் கிடந்தன. கந்தோரில் எழுதிக் கேட்டு, கடிதத்தோடு வாங்கி வந்ததாகச் சொன்னார்.

"முழுக்க மாத்தவேணும், தம்பி. ஒட்டுப் போடுற வேலை வேண்டாம். பிள்ளை வவுனியாவிலை மனுசியின்ரை தாய் தகப்பன் வீட்டை நிக்குது. இதிலைதான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரவேணும்."

என்னைத் திட்டுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, "நானும் பக்கத்திலை நிக்கிறன். என்ன செய்யிறீங்கள் எண்டு எனக்குத் தெரியவேணும்" என்றார்.

அன்று குழாயைப் பிடித்திருந்த திருகாணிகளுக்கெல்லாம் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தோம். எஞ்சின் நன்றாக ஆறட்டும் என்று மறுநாள் காலைதான் தொடங்கினேன். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தேன். ஜாக்கியால் பின்பக்கத்தைத் தூக்கி, அச்சின் கீழே தண்டவாளக் கட்டைகளை அடுக்கி, அவற்றின்மேல் காரை இறக்கினேன். ஜாக்கியை நம்பி ஒருவரும் கீழே போகக்கூடாது என்றேன். அவர் காரின் ஓரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. அதன்பிறகுதான் என்னைக் கீழே போகவிட்டார்.

துரு கண்ணில் விழாமல் இருக்க மோட்டார்ச் சைக்கிள்காரர் போடும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். பாதி ஆணிகள் கழன்றன. மீதியைச் சூடாக்கினால் இலகுவாகக் கழலும். ஆனால் பெற்றோல் குழாய் அருகில் ஓடியது. அதனால் நெருப்பு வேண்டாம் என்று இரும்பறுக்கும் வாளால் அறுத்தேன். அவர் பக்கத்தில் குந்தியிருந்து ஒவ்வோர் ஆணியையும் கையில் வாங்கினார்.

கடைசியில் நான் சுற்றிய தகரத்துக்கு வந்தேன். கம்பி அறுந்து, கயிறு பொடியாகி, தகரம் மேல்பக்கமாக வாய் திறந்து கிடந்தது. அதற்கு நேர் மேலே, இருக்கையின் அடிப்பலகை விசிறி விரித்ததுபோலக் கறுத்திருந்தது. பலகைகளுக்கு இடையில் என் விரல் போகுமளவு இடைவெளி. அதற்கு மேல்தான் அவள் இருந்திருக்கிறாள். நான் அப்படியே மல்லாந்து கிடந்தேன்.

"என்ன, தம்பி?" என்றார்.

"ஒண்டுமில்லை" என்றேன்.

அந்த நேரத்தில் சங்கு ஊதியது. அவர் என் காலைப் பிடித்து வெளியே இழுத்தார். இருவரும் கராஜின் பின்வளவுப் பதுங்குகுழிக்குள் இறங்கி, மழைத்தண்ணீர் வற்றாத சேற்றில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தோம். மேலே ஒன்றும் கேட்கவில்லை. அங்கேதான் அவர் கதைக்கத் தொடங்கினார்.

"போற வழியிலை, பன்குளத்திலை தேத்தண்ணி குடிக்க நிப்பாட்டினனான். அங்கையே மழை தொடங்கியிட்டுது. மனுசி தலையிடிக்குது எண்டா. பிள்ளை குடிச்ச பாலையெல்லாம் சத்தி எடுத்துக்கொண்டு அழுதவள். 'இவளை முன்னாலை வைச்சிருங்கோ, நான் கொஞ்சம் சரிஞ்சு படுக்கப்போறன்' எண்டு பிள்ளையைத் தூக்கித் தந்தவ. நான் சுத்திவரத் திரையெல்லாம் பூட்டிவிட்டனான், அவ நனையாமல். என்ரை பக்கம் மட்டும் கை வெளியிலை போட்டுச் சைகை காட்டத் திறந்து கிடந்தது."

சேற்றிலிருந்து காலை இழுத்து மடக்கிக்கொண்டார்.

"நீங்கள் சொன்னனீங்கள். மழை பெய்தாலும் திரையைப் பூட்டவேண்டாம், காத்து வரட்டும் எண்டு. நான்தான் கேக்கேல்லை."

'ஓம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சாவு முழுவதும் அவருடையதாகிவிடும். அந்தச் சொல் வாய்வரை வந்தது. அதை இங்கே எழுதாமல் விடக்கூடாது.

"ஐயா, நான் அப்பிடிச் சொன்னதா எனக்கு ஞாபகமில்லை" என்றேன். "தாங்கும் எண்டு சொன்னது மட்டும்தான் ஞாபகம். அது தாங்காது எண்டு எனக்குத் தெரிஞ்சிருக்கவேணும். பிழை என்ரை."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் தெரியவில்லை. பயம்தான் தெரிந்தது.

"இல்லை, சொன்னனீங்கள். அவ காதாலை கேட்டவ. பன்குளத்திலை திரையைப் பூட்டேக்கை, 'அந்த அண்ணை பூட்டவேண்டாம் எண்டவர்' எண்டு சொன்னவ. நான்தான், நனைஞ்சா காய்ச்சல் வரும், பேசாமல் படும் எண்டு சொன்னனான்."

நான் உண்மையில் சொல்லியிருக்கலாம். அல்லது மனைவி கடைசியாகச் சொன்னதாக ஒரு வார்த்தை வேண்டும் என்று, அந்த மாதங்களில் அவரே உண்டாக்கி நம்பியிருக்கலாம். அதைக் காதால் கேட்டவள் அவள் ஒருத்திதான். குழிக்குள் எங்கள் இருவருக்கும் நடுவில் அவள் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். அவரும் தள்ளி உட்கார்ந்தார்.

ஆபத்து நீங்கிய சங்கு ஊதியதும் ஏறி வந்து வேலையைத் தொடர்ந்தோம். எஞ்சினோடு குழாய் சேரும் வாயைச் சுரண்டிச் சுத்தமாக்கி, புகை கசியாதபடி புதுச் செம்புப் பக்கிங் வைத்தேன். குழாய் அடிப்பலகைக்கு ஒரு சாண் தள்ளிப் போகும்படி வளைத்து, டயர்த் துண்டுகளால் தொங்கவிட்டேன். வாய் காரின் பின்விளிம்பைத் தாண்டி வெளியே நிற்க வைத்தேன். கறுத்த பலகைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, புதுப்பலகையும் அதன் அடியில் இடைவெளியில்லாமல் தகரமும் அடித்தேன். கடைசி நட்டுகளை அவர் இறுக்கினார். நான் மறுபடி இறுக்கிப் பார்த்தேன். ஒன்றிலும் தளர்வு இல்லை.

காரை வெளியே தள்ளி, திறந்த வெளியில் இயக்கினோம். மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் பூசி, ஈரச் சாக்கால் குழாய் வாயைக் கணநேரம் அடைத்தேன். ஒரு குமிழியும் வரவில்லை. அவருக்கு அது போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது. எனக்கும் போதவில்லை.

"திரையெல்லாத்தையும் பூட்டுங்கோ. நான் பின்னாலை இருக்கிறன்" என்றேன்.

"வேண்டாம், தம்பி."

"நான் இருக்கத்தான் வேணும். நிமிசத்துக்கு ஒருக்காத் தட்டுங்கோ. நான் பதில் சொல்லாட்டி உடனே திறந்து வெளியிலை இழுங்கோ."

அவர் ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டினார். உள்ளே மஞ்சள் வெளிச்சம். இருக்கையில் இன்னும் தலைக்கு வைக்கும் எண்ணெயின் மணம் இருந்தது. ஓரத்துப் பொத்தானில் நீண்ட தலைமயிர் ஒன்று சுற்றியிருந்தது. நான் அதைத் தொடவில்லை. எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. என் தலை இடிப்பதாகத் தோன்றும். பிறகு இல்லையென்று தோன்றும். அவள் இப்படித்தான் யோசித்திருப்பாளா, அல்லது ஒன்றும் தெரியாமல் உறங்கிப்போனாளா?

மைக்காவில் அவருடைய நிழல் வந்து தட்டும்.

"தம்பி?"

"ஓம்."

மறுபடி தட்டும். "தம்பி?" "ஓம்." அரைமணி நேரம் அப்படியே போனது. கடைசிக் கடைசியாக நிமிடம் ஆகுமுன்னே தட்டினார். திரையைத் திறந்தவர் என் முகத்தைக் கிட்டப் பார்த்து, கன்னத்தைத் தொட்டார். உதடு சிவந்திருக்கிறதா என்று பார்த்ததாகச் சொன்னார். அன்றைக்கு அவளுடைய உதடு, வெற்றிலை போட்டதுபோலச் சிவந்திருந்ததாம். அவள் வெற்றிலை போடுவதில்லை.

அவர் போனபின் நான் கராஜைப் பூட்டிவிட்டு, கடற்கரையோரமாக இருட்டும்வரை நடந்தேன்.

அடுத்த கிழமை ஒரு மாலை நல்ல மழை. கராஜ் வாசலில் நின்றபோது அந்தக் கார் வீதியால் போனது. சத்தமே இல்லை. பக்கத் திரைகள் ஒன்றும் அதில் இருக்கவில்லை. மாட்டுகிற பொத்தான்களைக்கூட வெட்டி எடுத்திருந்தார். சாரல் ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் போய்க்கொண்டிருந்தது. முன் இருக்கையில் அந்தக் குழந்தை, அப்பாவின் பெரிய மழைக்கோட்டுக்குள் முகம் மட்டும் வெளியே தெரிய, முழுவதும் நனைந்துபோய், கண் விழித்தபடி இருந்தாள்.