நிற்கத் தெரிந்த டயர்

எங்கள் வீட்டில் கார் பற்றிய முடிவுகளை எடுப்பவர் என் கணவர். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். லைசென்ஸ் இருக்கிறது, அதில் போட்டோகூட நன்றாக விழுந்திருக்கிறது. ஆனால் அவர் தினமும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி ஆபீஸ் போகிறவர். சேலையூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் இருக்கும் ரப்பர் கம்பெனிக்கு அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போய்வருவது நான். அங்கே எனக்குத் தரக்கட்டுப்பாடு வேலை. ஆக, முடிவு அவருடையது, ஓட்டம் என்னுடையது. குடும்பம் என்றால் வேலையைப் பிரித்துக்கொள்ளத்தானே வேண்டும்.

காரைப் பழசாகத்தான் வாங்கினோம். "டாக்டர் ஓட்டின வண்டி" என்று சொல்லித்தான் விற்றார்கள். இந்த ஊரில் விற்பனைக்கு வரும் பழைய கார் எல்லாமே டாக்டர் ஓட்டியதுதான். இத்தனை டாக்டர்கள் இருந்தும் கிளினிக்கில் நம்மை ஏன் இரண்டு மணி நேரம் உட்கார வைக்கிறார்கள் என்பதுதான் புரியவில்லை. சின்ன கார்தான், ஆனால் இன்ஜினில் கொஞ்சம் திமிர் உண்டு. அதற்கேற்ப கார் கம்பெனியிலேயே அகலமான பெர்ஃபார்மன்ஸ் டயர் போட்டுக் கொடுத்திருந்தார்கள். டாக்டர் அதிகம் ஓட்டாததால் டயரில் பட்டன் அப்படியே இருந்தது. பட்டன் என்பது டயரின் மேல்பரப்பில் இருக்கும் கட்டம் கட்டமான வெட்டு. அது தேயாமல் இருந்தால் டயர் நல்ல டயர். எத்தனை வருடமாக வெயிலில் நின்றது என்பதெல்லாம் கணக்கில்லை.

போன மழைக்காலத்தின் முதல் மழை அன்று, வேலை முடிந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். ஊரப்பாக்கம் சிக்னலில் முன்னால் போன ஸ்கூட்டர் நின்றது. நானும் பிரேக்கை மிதித்தேன். காலுக்கடியில் பிரேக் கடகடவென்று உதறியது, கார் மட்டும் நிற்கவில்லை. சோப்புத் தண்ணீர் ஊற்றிய தரையில் போவதுபோல அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஒரு பெண், அவள் தோளில் ஒரு குழந்தை, முகம் என் பக்கம். ஒரு சாண் இடைவெளியில் கார் நின்றது. குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. பச்சை விழுந்ததும் அவர்கள் போய்விட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு எதுவுமே தெரியாது. நான் ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

வீட்டில் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு முந்தைய வருடம் எங்கள் குடியிருப்பின் கேட் தூணில் கார்க் கதவை லேசாக உரசிவிட்டேன். அதற்கு என் கணவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "டென்ஷன் ஆகாதே, கொஞ்ச நாள் ட்ரெயின்ல போயேன்" என்று அன்பாகச் சொல்லி, சாவியை பீரோவில் வைத்துவிட்டார். கொஞ்ச நாள் என்பது நான்கு மாதம். ஷேர் ஆட்டோ, ரயில், மறுபடி ஷேர் ஆட்டோ என்று அந்த அன்பை நான் தினமும் இரண்டு வேளை அனுபவித்தேன். ஒரு தூணுக்கே நான்கு மாதம் என்றால், ஒரு குழந்தைக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் அந்த டயரோடு இன்னொரு மழையைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கம்பெனியில் ரப்பரின் கடினத்தன்மையைப் பார்க்கும் கருவி ஒன்று இருக்கிறது. கைக்கடிகாரம் அளவு முகம், அடியில் ஒரு ஊசி. ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு ஒருநாள் எடுத்து வந்து டயரில் வைத்து அழுத்தினேன். எங்கள் கம்பெனிக்கு இப்படி ஒரு ரப்பர் வந்திருந்தால், சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பியிருப்பேன். வெயில் அதைக் கட்டையாக்கி வைத்திருந்தது.

"டயர் மாத்தணும்" என்றேன்.

"பட்டன் இருக்கே" என்றார் என் கணவர்.

இந்த உரையாடல் மூன்று வாரம் நடந்தது. கடைசியில் டயரின் பக்கவாட்டில் இருந்த விரிசல்களை டார்ச் அடித்துக் காட்டினேன். விரிசல் கண்ணுக்குத் தெரிகிற சமாசாரம் என்பதால் ஒப்புக்கொண்டார். அதன்பின் குன்றத்தூரில் இருக்கும் என் கொழுந்தனாரிடம் ஸ்பீக்கர் போனில் ஆலோசனை. அவர் கார் விஷயத்தில் எங்கள் குடும்பத்தின் சுப்ரீம் கோர்ட். சொந்தமாக வைத்திருப்பது ஒரு மொபெட்.

"பெர்ஃபார்மன்ஸ் டயர்லாம் ரேஸ் ஓட்டுறவங்களுக்கு அண்ணி. நீங்க கேம்ப் ரோட்ல இருபதுல போறீங்க. அதுக்கு எதுக்கு? லாங் லைஃப் டயரா பாத்துப் போடுங்க" என்றார். போனை வைத்ததும் என் கணவர், தீர்ப்பு வந்துவிட்டது என்பதுபோல என்னைப் பார்த்தார்.

சனிக்கிழமை கிழக்குத் தாம்பரத்தில் ஒரு டயர் கடைக்குப் போனோம். நான் ஓட்டிக்கொண்டு போய், நான் நிறுத்தி, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்துகொண்டு நான்தான் இறங்கினேன். கடைக்காரர் என்னைத் தாண்டிப் போய் என் கணவரிடம், "வாங்க சார், இன்னா சைஸ் சார்?" என்றார். என் கணவருக்கு சைஸ் தெரியாது. தெரிந்தவர்போலத் தலையாட்டினார். நான் சொன்னேன். கடைக்காரர் அவரிடமே நன்றி சொன்னார்.

ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். "இத்த போட்டுக்கினீங்கன்னா அறுபதாயிரம் கிலோமீட்டர் கண்ண மூடிக்கினு ஓடும் சார்." என் கணவரின் முகம் மலர்ந்தது. எங்கள் கல்யாணப் போட்டோவில்கூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

மறுபடி கையெழுத்துப் போட்டு எடுத்து வந்திருந்த கருவியைப் பையிலிருந்து எடுத்து அந்த டயரில் வைத்தேன்.

"இன்னா மேடம் அது, பிபி மிஷினா?"

"ஆமாங்க. ரப்பருக்கு."

பக்கத்து அடுக்கில் அகலமான டயர் நாலு கிடந்தன. அவற்றிலும் வைத்தேன். இவற்றில் கருவியின் முள் நன்றாகக் கீழே நின்றது, ரப்பர் அவ்வளவு மென்மை. அதை மட்டும் வைத்து டயரை எடைபோட முடியாது என்பது என் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அதனால் வாயைத் திறந்தே கேட்டேன். "மழைல பிரேக் அடிச்சா இது ரெண்டுல எது முன்னாடி நிக்கும்?"

கடைக்காரர் முதல்முறையாக என்னைப் பார்த்தார். "அதுதான் மேடம். பெர்ஃபார்மன்ஸ் டயரு. தண்ணில கூட கெட்டியா புடிச்சிக்கும். ஆனா ரப்பரு சாஃப்ட்டு, சீக்கிரம் தேஞ்சிடும். இது ஓடறதுல பாதிகூட வராது. அதான் நான் எடுத்துக் காட்டறதில்ல."

"நிக்கிறத யாரும் கேக்க மாட்டாங்களா?"

"இத்தினி வருசமா கடை வச்சிக்கினு கீறேன். எவ்ளோ ஓடும்னுதான் மேடம் எல்லாரும் கேக்கறாங்க."

என் கணவர் நடுவில் புகுந்தார். "பாதிகூட வராதாம்மா. அப்புறம் அது எதுக்கு? நமக்கு என்ன, ரேஸுக்கா போறோம்?"

அப்போது எனக்குக் கோபம் வந்தது. மூன்று வாரக் கோபம். அதைவிட, அந்தக் குழந்தையின் சிரிப்பு. கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டே, ஊரப்பாக்கத்தில் நடந்ததைச் சொன்னேன். சாண் அளவைக் கையை விரித்துக் காட்டினேன். கடைக்காரர், உருட்டி வந்த டயரைத் தானாகவே பின்னால் நகர்த்தி வைத்தார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார் என் கணவர்.

"சொல்லியிருந்தா டயர மாத்தியிருப்பீங்களா, சாவிய எடுத்து பீரோல வச்சிருப்பீங்களா?"

அவரிடம் எத்தனையோ குறை உண்டு, பொய் மட்டும் வராது.

"பீரோலதான் வச்சிருப்பேன்" என்றார்.

நான் சாவியைக் கடைக்காரரிடம் நீட்டி, நாலையும் கழற்றி அந்த அகல டயரைப் போடச் சொன்னேன். அவர், "சரிங்க மேடம்" என்று என்னிடம்தான் சொன்னார்.