பூனாகலையில் பட்டப்பகலில் கேட்ட சாவு மேளம்

என் நண்பன் அருள் ராக் பாடகன், கவிஞன். கொழும்பில் அவன் பாடினால் மண்டபமே அதிரும். ஆனால் அவன் பிறந்த பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் ஒருவர்கூட அவன் பாட்டை நேரில் கேட்டதில்லை. அதற்காகவே போன மாதம் தோட்டத்து மைதானத்தில் ஒரு கலைவிழாவை அவனே ஏற்பாடு செய்தான். "லயத்துச் சனம் வரலன்னா இது விழாவே இல்லடா" என்றான். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். சரி, கிளம்பிவிட்டேன்.

பதுளையிலிருந்து பண்டாரவளைக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கிருந்து ஆட்டோ. ஒவ்வொரு வளைவிலும் உயிர் போய் வந்தது. ஓட்டுநர் சிவா வேறு, "பயப்படாதீங்க, உருண்டா ரெண்டு பேரும்தானே" என்று ஆறுதல் சொன்னார். நல்ல ஆறுதல்!

இரண்டு மணிக்கு மைதானத்தில் இறங்கினோம். அந்த நேரம் பார்த்து, கொழும்பிலிருந்து வந்திருந்த ஒலிக்காரர் ஸ்பீக்கரைச் சோதிக்க அருளின் பிரபலமான பாட்டைப் போட்டுவிட்டார். அது சாவு வீட்டில் அடிக்கும் தப்பு மேளத்தோடு தொடங்கும். கொழும்பில் அதற்கு விசில் பறக்கும்.

சிவா தலையில் கை வைத்தார். "ஐயோ, யாருங்க செத்தது?"

மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களும் அதையேதான் நினைத்தார்கள். கூடையோடு ஓடிவந்தார்கள். முன்னால் வந்தவர் ராஜேஸ்வரி. அவர் கணவர் பக்கவாதம் வந்து மைதானத்தை ஒட்டிய லயத்தில் படுத்திருக்கிறாராம். எங்களைப் பார்க்காமலே வீட்டுக்குள் பாய்ந்தார். அலறல் கேட்கப்போகிறது என்றே நினைத்தோம். மேடையிலிருந்து ஓடிவந்த அருள் பாட்டை நிறுத்தினான்.

ராஜேஸ்வரி வெளியே வந்தார். "உசுரோட இருக்கிற மனுசனுக்கு யாருடா மேளம் அடிச்சது?"

"என் பாட்டுதாங்க்கா. மன்னிச்சிருங்க."

"பாட்டா? அவரு காதுல சாவு மேளம் விழுந்திருச்சே! ஒரு சனமும் ஒன் விழாவுக்கு வராது, போ."

கூடி நின்ற பெண்களும் ஆமாம் என்றார்கள். ஸ்பீக்கர்களை லாரியில் ஏற்றிவிடுவோமா என்று ஒலிக்காரர் மெல்லக் கேட்டார். அருள் அவரைப் பார்க்கவேயில்லை. "நான் என்ன செய்யணுங்க்கா, சொல்லுங்க" என்றான்.

"எங்க வாசல்ல சாமி மேளம் அடி. அதுவும் அவரு காதுல விழணும். வேற ஆளு வேணாம், நீதான் அடிக்கணும்."

விழாவுக்கு வந்திருந்த தோட்டத்து மேளக்காரர் தன் தப்பைக் கொடுத்தார். சாமிக்கும் சாவுக்கும் அதே தப்புதான், அடிதான் வேறு. அருள் லயத்து வாசலில் சருகு கொளுத்தி, தோல் இறுக அதைக் காய்ச்சினான். கிட்டார் பிடித்துப் பழகிய கை, அடி தடுமாறியது. பெண்கள் அசையாமல் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு குழறல் குரல் வந்தது.

"இவனா... கொழும்புல பெரிய ஆளு?"

முதலில் சிரித்தவர் ராஜேஸ்வரிதான். சிரித்தபடியே அழுதுவிட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: மழைச்சட்டை கட்டாயம். திரும்பி வர ஆட்டோவை முன்பே பேசிவையுங்கள். தோட்டத்தில் எந்த மேளத்தையும் தட்டுவதற்கு முன் யாரையாவது கேளுங்கள்.

மைதானத்து மேடை அன்று காலியாகவே கிடந்தது. விழா லயத்து வாசலில் நடந்தது. அந்தப் பிரபலமான பாட்டை அருள் பாடவில்லை. முன்வரிசையில் நாற்காலி போட்டுக் கணவரை உட்காரவைத்து, அவர் சாய்ந்துவிடாமல் தோளைப் பிடித்தபடி கடைசிப் பாட்டு வரை நின்றார் ராஜேஸ்வரி.