நாலு பிள்ளைகளுக்குக் கழுவிய கை

மூன்று வருடங்களுக்கு முன், ஆடி மாதச் சாரலில், போடிமெட்டு மலைப்பாதையில் நடந்தது இது. மலைக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்ட அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பல மாதங்களாக வயிற்றுவலி, ஓயாத பேதி. சூடு என்று நினைத்து மோராகக் குடித்தேன். வீட்டில்கூட முழுசாகச் சொல்லவில்லை. உடம்பு பாதியாக இளைத்த பிறகுதான் போடியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன்.

"குடல்ல அழற்சி இருக்கான்னு மலத்தை டெஸ்ட் பண்ணினாலே ஓரளவு தெரிஞ்சிரும். அப்புறம் கேமரா விட்டுப் பார்க்கலாமான்னு முடிவு பண்ணுவோம்" என்று ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தார்.

மாதிரியை எடுத்த அன்று பஸ்சைத் தவறவிட்டேன். லேப் மூடுவதற்குள் சேர்க்க வேண்டுமே என்று, ஏலக்காய் பறித்துவிட்டு இறங்கும் பெண்களின் ஜீப்பில் ஏறினேன். பாதி மலையில் வயிறு முறுக்கியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

பக்கத்திலிருந்த, சிலமலை ஊர்க்கார அக்கா ஒருவர் என் முகத்தைப் பார்த்தார். "என்ன தாயி, வயித்தக் கலக்குதா? அண்ணே, வண்டிய நிப்பாட்டுங்க!"

டிரைவர் இறங்கி வளைவுக்கு அப்பால் நடந்துபோனார். மற்ற பெண்கள் மழைக்குப் போர்த்தும் பிளாஸ்டிக் தாள்களை விரித்துப் பிடித்து, எனக்கு முதுகைக் காட்டி வட்டமாக நின்றார்கள்.

அக்கா என் பையை வாங்கக் கை நீட்டினார். நான் பதறி இழுத்தேன். "வேணாம்க்கா... அதுல டெஸ்ட்டுக்குக் கொண்டு போற மலம் இருக்கு."

"இருந்தா என்ன? நாலு புள்ளைகளுக்குக் கால் கழுவி விட்ட கைதான் இது. கொண்டா."

இன்னும் ஓரிடத்தில் அப்படியே நிற்க வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டியவர்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. போடிக்குள் நிற்காமல் ஊருக்குப் போகும் ஜீப்பை, "லேப்புக்கு விடுங்கண்ணே, வெரசா!" என்று அவர்களே திருப்பினார்கள். கடையடைக்கும் நேரம். என் பையோடு முதலில் குதித்து ஓடியது அக்காதான். "தம்பி, ஷட்டரை இறக்கிப்புடாதீக!"

அழற்சி மிக அதிகம் என்று முடிவு வந்தது. மதுரையில் கேமரா விட்டுப் பார்த்துக் குடல் நோயை உறுதி செய்தார்கள். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் ஆபரேஷன் வரை போயிருக்கும் என்றார் டாக்டர். இப்போது மாத்திரையோடு நன்றாக இருக்கிறேன்.

சொல்ல வெட்கப்பட்டு நான் தனியாகவே சுமந்ததை அந்தப் பெண்கள் ஒரு மலையிறக்கத்தில் எல்லாருக்கும் வருகிற சாதாரண உபாதையாக ஆக்கிவிட்டார்கள். இன்று யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றால், யோசிக்காமல் பக்கத்தில் போய் நிற்கிறேன்.