ஒதிலியாவின் நெஞ்சுவலி

ஹலாப்பா சந்தையில் சோளமாவைக் கொழுப்பு விட்டுப் பிசைந்து, தமாலே அவித்து விற்றே பிள்ளைகளை ஆளாக்கியவள் ஒதிலியா. சில வாரங்களாக, மேடேறினால் அவளுக்குத் தாடை இழுத்தது; நெஞ்சில் அம்மியை ஏற்றியதுபோல் கனத்தது.

அந்த ஊரில் பெண்பிள்ளைக்கு எது வந்தாலும் நரம்புத் தளர்ச்சிதான். "கோபத்த முழுங்கினா பித்தம் ஏறும்க்கா" என்று பக்கத்துக் கடைக்காரி பூக்கஷாயம் ஊற்றினாள். படித்த டாக்டரும் அதையே சொல்லித் தூக்கமாத்திரை எழுதினார்.

பிறகு ஒருநாள் புருஷன் அபுந்தியோ, வறுத்த பன்றித்தோலை வயிறுமுட்டத் தின்றுவிட்டு நெஞ்சைத் தடவினான். அதே டாக்டர் பதறிப்போய் அவனைப் படுக்கவைத்து இசிஜி எடுத்தார். வெறும் வாயு!

ஒதிலியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் டாக்டர், அவருக்கு மட்டுந்தான் இதயமா? எனக்கென்ன, கடவுள் சோளமாவையா உருட்டி வச்சான்?"

"கோபப்படாதீங்கம்மா. அதான் உங்க நோயே."

"கோபமா? இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. யோவ், எந்திரி! ஏப்பத்துக்குப் படுத்தது போதும்."

இடுப்பில் கட்டிய சமையல் துணியோடே கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாள். "அந்த ஒயர என் நெஞ்சுல ஒட்டாம இறங்கமாட்டேன்."

தொல்லை விட்டால் போதுமென்று ஒட்டினார்கள். வெளியே வந்த தாளைப் பார்த்ததும் டாக்டரின் முகம் வெளுத்தது. இதயத்துக்கு ரத்தம் போகும் குழாயில் அடைப்பு. ஆஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஆம்புலன்ஸை வரவழைத்தார்.

"இனிமேலாவது அமைதியா இருங்கம்மா" என்றார், வண்டியில் ஏற்றும்போது.

"இத்தன நாள் அமைதியா இருந்துதான்யா சாகக் கிடந்தேன்!"